பகைவரின் சீருடை



திபேரியக் கடலோரத்தில் கரி நெருப்பு மூட்டி, காலை உணவை ஆயத்தம் செய்து சீடர்களுக்காகக் காத்திருந்த உயிர்த்த ஆண்டவர், பேதுருவிடம் மூன்று முறை அன்பைப் பற்றிக் கேட்டார். அதன் பின்னர் முதுமையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னார் (யோவான் 21:18). இளமையில் தன் உடையைத் தானே உடுத்திக்கொண்டு விரும்பிய திசையெல்லாம் நடந்தவன், முதுமையில் கைகளை நீட்டியபடி நிற்பான். வேறொருவர் அவனுக்கு உடுத்திவிட்டு, அவன் போக விரும்பாத இடத்துக்கு அழைத்துச் செல்வார் என்பது அதன் கருத்து. அது பேதுருவின் இரத்த சாட்சியத்தைக் குறித்தது என்று நற்செய்தியாளரே விளக்கம் தருகிறார். ஆயினும் உடல் வலு குன்றி, பிறர் கையை எதிர்பார்த்து வாழும் எந்த மனிதரும் அந்த வார்த்தையில் தம்மைக் காணாமல் இருக்க முடியாது.

இந்தப் பகுதியைத் தியானிக்கும் வேளைகளில் என் நினைவுக்கு வருபவர் ஒரு விளையாட்டு வீரர். அவருக்கு வேறொருவர் உடுத்திவிட்ட உடை, அவரது பரம எதிரிகளின் சீருடை. ஆன்மிகப் பகுதியில் விளையாட்டு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். ஓட்டப்பந்தயத்தையும் குத்துச்சண்டையையும் கொரிந்து நகரத்தாருக்கு உவமையாக எடுத்துக்காட்டிய பவுலடியார் எனக்குத் துணை நிற்பார் என்ற துணிவில் எழுதுகிறேன்.

பேஸ்போல் நமக்குப் பழகிய விளையாட்டன்று. ஆனால் கிரிக்கெட்டை அறிந்தவர்களுக்கு அதை விளக்குவது கடினமும் அன்று. சிறிய மண்மேடு ஒன்றில் நின்று பந்துவீச்சாளர் எறிகிறார். சுமார் 18 மீற்றருக்கு அப்பால் ஒருவர் உருண்டையான மரமட்டையுடன் காத்து நிற்கிறார். அவருக்குப் பின்னால், நம் விக்கெட் காப்பாளரைப் போல, முகக்கவசம் அணிந்த ஒருவர் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கிறார். அடிக்கப்படாத பந்தைப் பந்துவீச்சாளருக்குத் திருப்பி எறிவதும் அவர் வேலையே. நான் சொல்லப்போகும் காலத்தில் பந்துவீச்சாளர்களும் தம் முறை வரும்போது மட்டை பிடித்து நிற்கவேண்டியிருந்தது. இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் நிகழ்ந்த துன்பம் அதிலிருந்தே தொடங்கியது.

கரீபியன் கடலில் டொமினிக்கன் குடியரசு என்றொரு நாடு உண்டு. வெண்சிலுவை தாங்கிய அதன் தேசியக் கொடியின் நடுவே விரித்து வைத்த விவிலியம் ஒன்று வரையப்பட்டிருக்கிறது. அந்நாட்டின் வடமேற்கே, ஹெயிட்டியின் எல்லையை அண்டிய மொன்டே கிறிஸ்டி மாகாணத்தில், லகூனா வேர்டே என்ற சிற்றூரில் 1937 ஒக்டோபர் 20இல் பிறந்தவர் ஹுவான் மாரிச்சால். மூன்று வயதிலேயே தந்தையை இழந்தவர். அக்காலத்தில் நாட்டைத் தன் பிடியில் வைத்திருந்த சர்வாதிகாரி துருஹில்லோவின் மகனுக்கு விமானப்படை அணி ஒன்று இருந்தது. கிராமத்து இளைஞனான மாரிச்சால் ஒரு நாள் பந்துவீசி அந்த அணியைத் தோற்கடித்தார். மறுநாளே விமானப்படையில் சேரும்படி கட்டளை வந்தது. வெற்றிக்குக் கிடைத்த பரிசு கட்டாய சேவை! அங்கிருந்து அமெரிக்கா சென்ற அவர், 1960 ஜூலை 19இல் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணிக்காக முதன்முதலாகப் பந்துவீசினார். அன்று எதிரணியினர் முழு ஆட்டத்திலும் ஒரே ஒரு முறை மாத்திரமே அவர் பந்தை முறையாக அடிக்க முடிந்தது.

அவர் பந்தெறியும் கோலமே ஓர் அதிசயம். இடது காலைத் தலைக்கு மேலே உயரும் அளவுக்குத் தூக்கி, உடலைப் பின்னே சாய்த்து எறிவார். ஒரே பந்தை மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் எறியக்கூடியவர். இத்தனை ஆரவாரமான அசைவுக்குப் பின்னரும் பந்து அவர் நினைத்த இடத்திலேயே போய் விழும். ஆறு பருவங்களில் 20க்கு மேற்பட்ட வெற்றிகளைப் பெற்றார். 1963இல் 25, 1966இல் 25, 1968இல் 26. 1960களின் பத்தாண்டில் அவர் பெற்ற 191 வெற்றிகளை அக்காலத்தில் வேறெந்தப் பந்துவீச்சாளரும் எட்டவில்லை.

1963 ஜூலை 2ஆம் திகதி நடந்த ஆட்டத்தை மட்டும் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். எதிரணியின் பந்துவீச்சாளர் வொரன் ஸ்பான், வயது 42. மாரிச்சாலுக்கு 25. வழமையாக ஒன்பது இன்னிங்ஸுடன் முடியவேண்டிய ஆட்டம், இருவரும் ஓர் ஓட்டத்தைக்கூட விட்டுக்கொடுக்காததால் பதினாறாவது இன்னிங்ஸ் வரை நீண்டது. இளைஞனுக்கு ஓய்வு கொடுக்க முகாமையாளர் எண்ணியபோது, அந்த முதியவர் மேட்டில் நிற்கும்வரை தானும் இறங்கப்போவதில்லை என்று மாரிச்சால் மறுத்தார் என்பார்கள். இறுதியில் வில்லி மேஸ் அடித்த ஒரே அடியில் ஜயன்ட்ஸ் 1–0 என வென்றது. அந்த ஆண்டு 23 வெற்றிகளைக் குவித்த அதே ஸ்பான், அடுத்த ஆண்டே வலுவிழந்து, 1964 நவம்பரில் நியூயோர்க் மெட்ஸ் என்ற புதிய அணிக்கு விற்கப்பட்டார். அங்கே 1965இல் 4 வெற்றி, 12 தோல்வி. ஆண்டின் நடுவே அந்த அணியும் அவரை விடுவித்தது. பின்பு எங்கே வந்து சேர்ந்தார் தெரியுமா? ஜயன்ட்ஸ் அணிக்கே, மாரிச்சாலின் உடைமாற்றும் அறைக்கே. முதுமை ஒரு மாவீரனை என்ன செய்யும் என்பதைத் தன் இருபத்தேழாவது வயதில் மாரிச்சால் மிக அருகிலிருந்து பார்த்தார். பார்த்தும், அது தனக்கும் வரும் என்று அவர் நினைத்திருப்பாரோ என்னவோ. நாமும் முதியோரை நாள்தோறும் பார்க்கிறோம்; நினைப்பதில்லை.

ஸ்பான் வந்து சேர்ந்த அந்த 1965ஆம் ஆண்டு ஓகஸ்ட் 22ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. கண்டில்ஸ்டிக் பார்க் மைதானத்தில் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் திரண்டிருந்தனர். வந்திருந்த அணி லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸ். இவ்விரு அணிகளின் பகை நியூயோர்க் நகரில் தோன்றி, 1958இல் இரண்டும் கலிபோர்னியாவுக்கு இடம்பெயர்ந்தபோது கூடவே பயணம் செய்த பழம்பகை. அன்று இரு தரப்பினர் உள்ளமும் அமைதியாக இல்லை என்பதையும் சொல்லவேண்டும். மாரிச்சாலின் தாய்நாட்டில் அவ்வாண்டு ஏப்ரலில் உள்நாட்டு யுத்தம் மூண்டு, அமெரிக்கப் படைகள் அங்கே இறங்கியிருந்தன. டொட்ஜர்ஸ் அணியின் பந்து பிடிப்பாளரான ஜோன் ரோஸ்பரோ ஒரு கறுப்பின அமெரிக்கர். அவர் வாழ்ந்த லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வொட்ஸ் பகுதியில் ஒரு வாரத்துக்கு முன்னர்தான் கலவரம் வெடித்து 34 பேர் மாண்டிருந்தனர். வீட்டை நினைத்துக் கலங்கிய இரு மனிதர்கள் ஒரே மைதானத்தில் எதிரெதிரே நின்றனர்.

மாரிச்சால் எறிந்த பந்துகள் டொட்ஜர்ஸ் வீரர் இருவரை நிலத்தில் விழச்செய்தன. டொட்ஜர்ஸ் பந்துவீச்சாளர் சன்டி கூபக்ஸ் பதிலுக்கு ஒரு பந்தை வில்லி மேஸின் தலைக்கு மேலாக எறிந்தார். நடுவர் எச்சரித்தார். மூன்றாவது இன்னிங்ஸில் மட்டை பிடிக்கும் முறை மாரிச்சாலுக்கு வந்தது. கூபக்ஸ் எறிந்த பந்தை ரோஸ்பரோ திருப்பி எறிந்தபோது, அது மாரிச்சாலின் காதருகே உரசுமாப்போலப் பறந்து சென்றது. வாய்த்தர்க்கம் மூண்டது. ரோஸ்பரோ எழுந்தார். மாரிச்சால் கையிலிருந்த மட்டையால் அவர் தலையில் அடித்தார்.

காயத்துக்குப் பதினான்கு தையல்கள். சண்டை பதினான்கு நிமிடம் நீடித்தது. எதிரணி வீரரான வில்லி மேஸ்தான் ரோஸ்பரோவை அணைத்து, இரத்தம் வழிந்த முகத்தோடு அவரைக் கூட்டத்திலிருந்து விலக்கி அழைத்துச் சென்றார். அந்தக் கலவரத்தில் ஒரு நல்ல சமாரியனும் இருந்தார் என்பது சற்று ஆறுதல். ஓங்கிய மட்டையுடன் மாரிச்சால் நிற்கும் புகைப்படம் நாடெங்கும் பரவியது. எட்டு ஆட்டங்களுக்குத் தடையும் 1,750 டொலர் தண்டமும் விதிக்கப்பட்டன. அது போதாது என்று பலர் கொதித்தனர். மாரிச்சால் வருத்தம் தெரிவித்தார், ஆனால் தான் அஞ்சியதால்தான் அடித்ததாக ஒரு காரணத்தையும் சேர்த்துச் சொன்னார். ரோஸ்பரோ 110,000 டொலர் நட்டஈடு கோரி வழக்குத் தொடுத்தார். அது நீண்டு, இறுதியில் நீதிமன்றத்துக்கு வெளியே சிறு தொகைக்குத் தீர்க்கப்பட்டது. பருவ இறுதியில் ஜயன்ட்ஸ் அணி இரண்டே ஆட்ட வித்தியாசத்தில் டொட்ஜர்ஸ் அணியிடம் முதலிடத்தை இழந்தது. எழுதிவைத்த கணக்குகள் எல்லாம் அத்தோடு தீர்ந்தன. எழுதப்படாத கணக்கு மட்டும் நின்றது.

1970இல் பெனிசிலின் மருந்து மாரிச்சாலின் உடலுக்கு ஒவ்வாமற்போய், முதுகுவலியும் மூட்டுவாதமும் அவரைப் பற்றிக்கொண்டன. வானுயரத் தூக்கிய அந்தக் கால் இனி எழும்ப மறுத்தது. 1972இல் 6 வெற்றிகளும் 16 தோல்விகளும். 1973 டிசம்பரில் ஜயன்ட்ஸ் அவரைப் பொஸ்டன் ரெட் சொக்ஸ் அணிக்கு விற்றுவிட்டது. பதினான்கு ஆண்டு உழைத்த வீட்டிலிருந்து வெளியேறியவருக்கு அங்கே கிடைத்தவை 11 ஆட்டங்களும் 5 வெற்றிகளும். அந்தப் பருவம் முடிந்ததும் அவர்களும் விடுவித்தனர்.

1975 வசந்தத்தில் அவருக்குக் கதவு திறந்த அணி எது? டொட்ஜர்ஸ்!

உங்களுள் கிரிக்கெட் இரசிகர்கள் இருப்பின், ஒரு கணம் நின்று எண்ணிப்பாருங்கள். பத்தாண்டுகளாக ஒரு நகரம் முழுவதும் வெறுத்த மனிதர், அந்த நகரத்தின் சீருடையையே அணிந்துகொண்டு, அந்த நகரத்தின் மைதானத்துக்குள் நடந்துவர வேண்டும். அவருக்கு வேறு வழியிருக்கவில்லை. வயது 37. வேறொருவர் உடுத்திவிடுகிறார், வேறொருவர் அழைத்துச் செல்கிறார். லொஸ் ஏஞ்சல்ஸ் இரசிகர்கள் சினந்தெழுந்தனர். நம்முடைய ஆளின் மண்டையை உடைத்தவனுக்கு நம்முடைய உடையா என்பதே அவர்களது கேள்வி. நியாயமான கேள்விதான் என்று எனக்கும் தோன்றுகிறது.

அந்த வேளையில் ஒருவர் வாய் திறந்தார். விளையாட்டிலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட ஜோன் ரோஸ்பரோ. தனக்கு அந்த மனிதர் மீது எந்த மனக்கசப்பும் இல்லை என்றும், அவரை ஏற்றுக்கொள்ளுங்கள் என்றும் டொட்ஜர்ஸ் இரசிகர்களுக்குப் பகிரங்கமாகச் சொன்னார்.

இனி, அந்தப் புதிய அணியில் மாரிச்சால் மீண்டும் எழுந்தார், கைதட்டல் பெற்றார், வெற்றி வாகை சூடினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஏப்ரல் மாதத்தில் இரண்டு ஆட்டங்களில் பந்துவீசினார். இரண்டிலும் சேர்த்து 6 இன்னிங்ஸ்கள். அவர் கணக்கில் 9 ஓட்டங்கள். பந்துவீச்சாளரின் திறமையை ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ஓட்டங்கள் விட்டுக்கொடுத்தார் என்ற சராசரியால் அளப்பார்கள். அவரது வாழ்நாள் சராசரி 2.89. டொட்ஜர்ஸ் அணியில் 13.50. வெற்றி எதுவும் இல்லை, தோல்வி ஒன்று. ஏப்ரல் 16ஆம் திகதி இறுதியாகப் பந்துவீசினார். அத்தோடு ஓய்வு பெற்றார்.

243 வெற்றிகளையும் 3,507 இன்னிங்ஸ்களையும் கண்ட ஒருவரின் வாழ்வில் அந்த ஆறு இன்னிங்ஸ்கள் ஒரு கறை என்றே விளையாட்டை எழுதுவோர் குறிப்பார்கள். புள்ளிவிபரத்தின்படி அது சரி. எனக்கோ அந்த ஆறு இன்னிங்ஸ்களை அப்படிக் கடந்து செல்ல மனம் வரவில்லை. அந்த அணிக்கு அவர் வராதிருந்தால், ரோஸ்பரோ அந்த வார்த்தையைச் சொல்லவேண்டிய தேவையே எழுந்திராது. உள்ளத்தில் மன்னித்தவராகவே அவர் இருந்திருக்கலாம். ஆனால் அவர் சார்பில் கோபத்தைச் சுமந்து திரிந்த ஆயிரமாயிரம் பேருக்கு அது தெரிந்திராது.

திருத்தூதர் பணிகள் நூலின் ஒன்பதாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஸ்தேவானைக் கல்லால் எறிந்தவர்கள் தங்கள் மேலுடைகளைச் சவுல் என்ற இளைஞனின் காலடியில்தான் வைத்தார்கள். அந்தச் சவுல் மனம் திரும்பி எருசலேமுக்கு வந்து சீடர்களோடு சேர முயன்றபோது எவரும் நம்பவில்லை; எல்லாரும் அஞ்சினர். ஆண்டவர் அவரை மன்னித்துவிட்டார். அது எருசலேமில் இருந்த விதவைக்கோ, சிறைக்கு இழுத்துச் செல்லப்பட்டவரின் பிள்ளைகளுக்கோ எப்படித் தெரியும்? பர்னபா அவர் கையைப் பிடித்துக்கொண்டு போய்த் திருத்தூதர் முன் நிறுத்தி, நடந்ததை எடுத்துச் சொல்லவேண்டியிருந்தது. அதற்கு முன்னர் தமஸ்கு நகரில் அனனியா, தன்னைக் கைதுசெய்ய வந்தவனின் தலையில் கை வைத்து, அவனைச் சகோதரன் என்று அழைக்கவேண்டியிருந்தது. அனனியா தயங்கினார் என்பதையும் விவிலியம் மறைக்கவில்லை. மன்னிப்பு யாரேனும் ஒருவருடைய வாயால், பிறர் காதில் விழும்படி, உரிய நேரத்தில் சொல்லப்படவேண்டியிருக்கிறது.

இதை நான் ஏட்டிலிருந்து மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. குருத்துவ வாழ்வின் தொடக்க ஆண்டுகளில் ஒரு பங்கில் பணியாற்றியபோது, நோயாளி ஒருவருக்கு நோயில்பூசுதல் வழங்கச் சென்றிருந்தேன். தன் தம்பியோடு காணி எல்லை காரணமாகப் பதினாறு ஆண்டுகள் பேசாதிருந்தவர் அவர். செபம் முடிந்து நான் எழுந்தபோது, வீட்டார் தேநீர் எடுக்க உள்ளே போயிருந்த நேரத்தில், என் கையைப் பிடித்துக்கொண்டு, "சுவாமி, அவன் வந்தால் உள்ளே விடச் சொல்லுங்கோ. எனக்கு ஒன்றுமில்லை" என்றார். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதன்று, சொல்லும்படி என்னிடம் ஒப்படைத்த செய்தி. அந்த நேரமே பிள்ளைகளை அழைத்து, அவர் வாயாலேயே சொல்லச் செய்திருக்க வேண்டும். அவர் களைத்திருக்கிறார், ஞாயிறு பூசைக்குப் பின் ஆறுதலாகப் பேசலாம் என்று எண்ணிவிட்டேன். வியாழக்கிழமை அவர் இறந்துவிட்டார்.

செத்தவீட்டுக்கு நான் போனபோது தம்பியார் படலைக்கு வெளியே, மதிலோரமாக, வெயிலில் நின்றுகொண்டிருந்தார். தலையில் துவாய் போட்டிருந்தார். நான் மூத்த மகனைத் தனியே அழைத்துத் தகப்பனின் விருப்பத்தைச் சொன்னேன். அவர் மரியாதையோடு கேட்டார். பின்னர், "சுவாமி சமாதானத்துக்காகச் சொல்லுறியள், எங்களுக்கு விளங்குது. அப்பா எங்களிட்ட ஒருநாளும் அப்படிச் சொல்லேல்லை" என்றார். அவரைக் குறைசொல்ல எனக்கு என்ன தகுதி? அவர் அறிந்த தகப்பன், கோபத்தோடு வாழ்ந்த தகப்பன். அந்தக் கோபத்தைக் காப்பதே பிள்ளைக் கடமை என்று அவர் நம்பினார். பிரேதம் படலையைக் கடந்து போகும்போது தம்பியார் ஓர் அடி முன்னே வந்தார், பின்பு நின்றுவிட்டார். இந்தச் சம்பவத்துக்கு நான் பொறுப்பாளி. ஆண்டுகள் பல கடந்தும் அந்தப் படலை என் செபத்தில் வருகிறது.

ஆதலால்தான் 1975இல் ரோஸ்பரோ பேசிய அந்தச் சில வார்த்தைகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். தழும்பைத் தன் தலையில் சுமந்தவர் அவரே. அவர் சொன்னால் மட்டுமே அது செல்லும். முகாமையாளர் சொல்லியிருந்தால் வியாபாரம் என்பார்கள். ஒரு குருவானவர் சொல்லியிருந்தால், சமாதானத்துக்காகச் சொல்கிறார் என்பார்கள்.

ரோஸ்பரோவைப் புனிதராக்குவது என் நோக்கமன்று. 1978இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் அவரே ஓர் உண்மையை ஒப்புக்கொண்டார்: அன்று மாரிச்சாலின் காதருகே பந்தை எறிந்தது தற்செயலன்று, அவரைச் சீண்டவேண்டுமென்றே எறிந்தது. பதின்மூன்று ஆண்டுகளாக உலகம் அவரை அடிபட்டவராக மட்டுமே கண்டது. அந்த இடத்திலேயே அவர் நிம்மதியாக இருந்திருக்கலாம், எவரும் கேட்டிருக்கமாட்டார்கள். நம் குடும்பச் சண்டைகளை எண்ணிப் பார்க்கிறேன். அடித்தவர் மன்னிப்புக் கேட்பதை அரிதாகக் கண்டிருக்கிறேன். அடிபட்டவர், நானும் முதலில் ஒரு கல்லை எறிந்தேன் என்று சொல்வதை அதைவிட அரிதாகவே கண்டிருக்கிறேன்.

பேஸ்போலின் மாவீரர்களுக்கென அமெரிக்காவின் கூப்பர்ஸ்டவுன் நகரில் ஒரு புகழ் மண்டபம் உண்டு. ஓய்வு பெற்று ஐந்து ஆண்டுகள் சென்றபின், விளையாட்டு எழுத்தாளர்கள் வாக்களித்துத் தெரிவு செய்வார்கள். 75 வீதம் வேண்டும். 1981இல் மாரிச்சாலுக்குக் கிடைத்தது 58.1 வீதம். 1982இல் 73.5 வீதம், ஏழு வாக்குகள் குறைவு. 243 வெற்றிகளையும் பின்னே தள்ளிக்கொண்டு அந்த ஓங்கிய மட்டை முன்னே வந்து நின்றது. அதன்பின் ரோஸ்பரோ தன் குடும்பத்தாருடன் டொமினிக்கன் குடியரசுக்குப் போனார். மாரிச்சால் நடத்திய கோல்ப் போட்டியில் பங்குபற்றினார். பழைய நிகழ்வைக் காரணமாக வைத்து இந்த மனிதருக்கு வாக்கு மறுக்க வேண்டாம் என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். 1983இல் 83.7 வீத வாக்குகளுடன் மாரிச்சால் தெரிவானார். டொமினிக்கன் மண்ணில் பிறந்து அந்த மண்டபத்துக்குள் நுழைந்த முதல் வீரர் அவர். அன்றைய ஏற்புரையில் அவர் நன்றி சொன்னவர்களுள் ஜோன் ரோஸ்பரோவும் ஒருவர். ஒரு நேர்மைக்காக இதையும் சேர்த்துக்கொள்கிறேன்: எழுத்தாளர்கள் அவ்வாண்டு எதற்காக மனம் மாறினர் என்று அவர்கள் ஒவ்வொருவரின் உள்ளத்தையும் திறந்து காட்ட என்னால் இயலாது. ரோஸ்பரோ போனார், கேட்டார் என்பது மாத்திரம் வரலாறு.

இருவரும் நண்பர்களாயினர். குடும்பங்களும் நெருங்கின. அந்த அடியைப் பற்றி மாரிச்சால் பின்னாளில் வருந்திப் பேசினார்.

ஜோன் ரோஸ்பரோ 2002 ஓகஸ்ட் 16இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில், தமது 69ஆவது வயதில் காலமானார். மட்டை ஓங்கப்பட்ட அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முப்பத்தேழு ஆண்டுகள் நிறைவெய்த இன்னும் ஆறு நாட்கள் இருந்தன. இறுதிச் சடங்கிற்கு மாரிச்சாலும் வந்தார். அவர் வாசலுக்கு வெளியே நிற்கவேண்டியிருக்கவில்லை. பேழையைத் தாங்கும் மதிப்புக்குரியோர் வரிசையில் அவர் பெயரும் இருந்தது. உள்ளே வந்து, கூடியிருந்தவர்கள் முன் எழுந்து நின்று, ஜோன் தன்னை மன்னித்தது தன் வாழ்வில் நிகழ்ந்த மிகச் சிறந்த நன்மைகளுள் ஒன்று என்று பேசினார்.